ஆயிரத்துக்கு இருபது

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலை மையமாக வைத்து ஒரு வட்டம் போடுவோம். சாலை தூரம் என்பதால் ஐந்தாறு கிலோமீட்டர் முன்பின் இருக்கலாம். மேற்கே சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிக் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம்: 60 கி.மீ. வடக்கே நாகமலைப் புதுக்கோட்டையை ஒட்டி மதுரை காமராசர் பல்கலைக்கழகம்: 85. தெற்கே திருநெல்வேலியைக் கடந்து அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார்: 95. வடகிழக்கே காரைக்குடியில் அழகப்பா: 135 சொச்சம். காலையில் சாத்தூரில் பஸ் ஏறினால் இந்த நான்கில் எதற்கும் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேரலாம்.

நான்கும் பங்காளிகள்தாம். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் எல்லை கன்னியாகுமரி வரை நீண்டது. 1978-இல் காமராசர் பெயர் சேர்ந்தது. 1985-இல் அழகப்பா தனிக்குடித்தனம் போனது; இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையின் கல்லூரிகள் பின்னாளில் அதன் இணைப்புக்குப் போயின. 1990-இல் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரியை எடுத்துக்கொண்டு மனோன்மணியம் சுந்தரனார் போனது. 2001-இல் பொறியியல் கல்லூரிகள் மொத்தமாக அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கை மாறின. 1984-இல் மதுரையின் இணைப்பில் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம், 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகிவிட்டது. தாய்வீட்டுக்கு மிஞ்சியது மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர் ஆகிய நான்கு மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள்.

வைப்பாறு இந்தக் கோடுகளை மதிக்கவில்லை. தென்காசி மாவட்டத்து மலையில் பிறந்து, விருதுநகர் மாவட்டத்துக்குள் நுழைந்து, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியைச் சேர்த்துக்கொண்டு, தூத்துக்குடி மாவட்டத்தில் கடலில் விழுகிறது. ஆற்றின் தலையும் காலும் மனோன்மணியம் எல்லையில், இடுப்பு காமராசர் எல்லையில். இந்த ஆற்றை முழுதாக ஆராய நினைக்கும் மாணவர் முதலில் எந்த அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். இந்தக் கட்டுரையின் கேள்வி ஒன்றுதான்: பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு போட்டி போட்டால் எவ்வளவு கிடைக்கும், கைகோத்தால் எவ்வளவு கிடைக்கும்?

முதலில் பானையின் அளவு. 2020-21-இல் இந்தியா முழுவதும் ஆராய்ச்சிக்குச் செலவானது ஏறத்தாழ 1,27,381 கோடி ரூபாய். நாட்டின் மொத்த உற்பத்தியில் இது 0.64 சதவீதம். இதில் உயர்கல்வி நிறுவனங்களின் பங்கு 8.8 சதவீதம்தான். பெருக்கிப் பார்த்தால் 11,210 கோடி. அதே ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பில் பதிவான பல்கலைக்கழகங்கள் 1,113. வகுத்தால் தலைக்கு 10 கோடியே 7 லட்சம். கல்லூரிகளைக் கணக்கில் சேர்க்காமல், ஐ.ஐ.டி.க்களையும் மற்றவற்றையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தால் வரும் சராசரி இது. பந்தியில் யார் இலையில் எவ்வளவு விழும் என்பது தெரிந்ததே. 750 ஏக்கர் வளாகமும், 1980-களின் நடுவில் நாட்டிலேயே முதன்முதலாக உயிரித் தொழில்நுட்ப முதுகலைப் படிப்பு தொடங்கிய ஐந்தாறு இடங்களுள் ஒன்று என்ற பெருமையும் உள்ள மதுரையில், மாதச் சம்பளம் தாமதமாவதே 2023, 2024-இல் செய்தியானது.

பானை சின்னதானால் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது வேறு. காரணம், மதிப்பெண் தாள்.

ஆண்டுதோறும் மத்திய அரசு வெளியிடும் தேசியத் தரவரிசைப் பட்டியலில் கற்பித்தலுக்கு 30, ஆராய்ச்சிக்கு 30, தேர்ச்சிக்கு 20, எல்லோரையும் சேர்த்துக்கொள்வதற்கு 10, ஊராரின் அபிப்பிராயத்துக்கு 10. ஆராய்ச்சிக்குள் புகுந்தால் நூற்றுக்கு 35 கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு, 35 அவற்றின் தரத்துக்கு, 15 காப்புரிமைக்கு, 15 திட்டப்பணி, ஆலோசனை வருமானத்துக்கு. பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு கருவியைப் பகிர்ந்துகொண்டதற்கு என்று தனிக் கட்டம் கிடையாது. இரண்டு நிறுவனப் பெயர் தாங்கிய கட்டுரைக்கு அதற்காகவே ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடுவதும் இல்லை.

இன்னும் விசித்திரம், அந்தப் பத்து மதிப்பெண் கட்டத்துக்குள் இருக்கிறது. அதில் நூற்றுக்கு 30, மாணவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதற்கு. வேறு மாநிலத்திலிருந்து வந்தால் 25, வேறு நாட்டிலிருந்து வந்தால் 5. மொத்த மதிப்பெண்ணில் இது 3. விஜயவாடாவிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தால் அந்த மூன்றில் ஒரு துளி ஏறும். இருக்கன்குடியிலிருந்து ஒரு தீப்பெட்டித் தொழிலாளியின் மகள் வந்து சேர்ந்தால் இந்தக் கட்டத்தில் ஏறுவது சுழியம். ஏழை மாணவருக்கு வேறொரு கட்டத்தில் மதிப்பெண் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பக்கத்து ஊர் என்பதற்கு எங்கும் இல்லை.

காப்புரிமைக் கட்டத்தில் விளையாட்டு இன்னும் மலிவு. 15-இல் 10 வழங்கப்பட்ட காப்புரிமைக்கு, 5 வெறுமனே வெளியிடப்பட்ட விண்ணப்பத்துக்கு. 2021 செப்டம்பரில் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணம் 80 சதவீதம் குறைந்தது. இணையவழியில் விண்ணப்பிக்க 8,000 ரூபாய் கட்டிய இடத்தில் 1,600. சீக்கிரம் வெளியிடச் சொல்லிக் கேட்க 12,500 இருந்த இடத்தில் 2,500. ஆக 4,100 ரூபாய்க்கு ஒரு 'வெளியிடப்பட்ட காப்புரிமை'. உண்மையான பரிசோதனைக்குக் கேட்டால் இன்னும் 4,000. எத்தனை பேர் அந்த இரண்டாவது நாலாயிரத்தைக் கட்டுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கட்டணக் குறைப்பின் நோக்கம் நல்லதுதான். அதை மதிப்பெண் கட்டத்தோடு சேர்த்து வைத்ததில்தான் வினை.

தரமதிப்பீட்டுக் குழுவான 'நாக்' கொஞ்சம் தாராளம். பல்கலைக்கழகங்களுக்கான அதன் கையேட்டில் மொத்தம் 1,000 புள்ளி. ஆராய்ச்சிக்கு 250. அதை உடைத்தால்: ஊக்குவிப்பு 20, நிதி திரட்டல் 20, புத்தாக்கச் சூழல் 30, கட்டுரையும் விருதும் 100, ஆலோசனைப் பணி 20, ஊர்ப்பணி 40, கடைசியாகக் கூட்டுறவு 20. ஆயிரத்துக்கு இருபது. ரூபாய்க்கு இரண்டு பைசா. அந்த இருபதையும் எப்படி எண்ணுகிறார்கள்? கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தங்களையும், அவற்றின்கீழ் நடந்த நிகழ்வுகளையும் வைத்து. அதனால்தான் வளாகங்களில் சால்வை போர்த்தி, கோப்பு மாற்றி, படம் எடுத்துக்கொள்ளும் விழாக்கள் பெருகின. பக்கத்துத் துறையின் ஆய்வகச் சாவி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனதா என்று எண்ண அந்தக் கையேட்டில் வழி இல்லை.

மதிப்பெண் போகட்டும், வரியைப் பார்ப்போம். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பொதுநிதியில் நடக்கும் ஆராய்ச்சி நிறுவனங்கள் கருவி வாங்கினால் முன்பு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஆனால் உங்கள் மாதிரியைப் பக்கத்து நிறுவனத்தில் கட்டணம் கட்டிச் சோதித்து வாங்கினால், அது சேவை. அதற்கு 18 சதவீதம். அதாவது சொந்தமாக வாங்கிப் பூட்டி வைத்தால் வரி குறைவு, அடுத்தவர் கருவியைப் பயன்படுத்தினால் வரி அதிகம். 2022 ஜூலை 18 முதல் அந்த 5 சதவீதச் சலுகை போய்விட்டது. அன்று முதல் இரண்டுக்கும் 18 ஆனது. சமநீதி வந்தது, மேலிருந்தவரைக் கீழே இறக்கி. 2024 அக்டோபரிலிருந்து ஆராய்ச்சி மானியத்துக்கு வரிவிலக்கு தந்தார்கள். சோதனைக் கட்டணத்துக்கு அது பொருந்தாது.

இனி ஒரு கருவியை வைத்துக் கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்கு நான் வைத்தவை, வரியும் உதவித்தொகையும் மட்டும் நிஜம். விலை 2 கோடி. ஆண்டுப் பராமரிப்பு 10 லட்சம். ஆயுள் பத்து ஆண்டு. ஆண்டுக்கு 250 நாள், நாளுக்கு 8 மணி, மொத்தம் 2,000 மணி நேரம் ஓட முடியும். ஒரு வளாகத்தின் சொந்தத் தேவை 500 மணி.

கருவி: 2,00,00,000
வரி 18 சதவீதம்: 36,00,000
ஆக விலை: 2,36,00,000
ஆண்டுத் தேய்மானம்: 23,60,000
ஆண்டுப் பராமரிப்பு: 10,00,000
ஆண்டுச் செலவு: 33,60,000
500 மணி ஓடினால் மணிக்கு: 6,720
2,000 மணி ஓடினால் மணிக்கு: 1,680

நான்கு வளாகமும் தனித்தனியே வாங்கினால் 9 கோடியே 44 லட்சம். ஒன்றை வாங்கிப் பகிர்ந்தால் 2 கோடியே 36 லட்சம். மிச்சம் 7 கோடியே 8 லட்சம்.

அந்த மிச்சத்தை மனிதரில் அளக்கலாம். தேசியத் தகுதித் தேர்வில் உதவித்தொகை பெறும் ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு. பிறகு 42,000, மூன்று ஆண்டு. முதல் தவணை 8,88,000, இரண்டாவது 15,12,000. வீட்டு வாடகைப் படி நீங்கலாகச் சரியாக 24 லட்சம். 7.08 கோடியை 24 லட்சத்தால் வகுத்தால் 29 ஆய்வாளர்கள், மேலே ஓர் அரைப் பங்கு. இருபத்தொன்பது பேரை ஐந்து ஆண்டு வைத்துப் பேண வேண்டிய பணம், முக்கால் நேரம் உறை போட்டு மூடிக் கிடக்கும் மூன்று கருவிகளாக நிற்கிறது.

கருவி பகிராததற்கு ஆணவம் மட்டும் காரணம் இல்லை. திட்டப்பணம் கருவி வாங்கத் தரும், அதை ஓட்டும் ஆளுக்குச் சம்பளம் தராது. ஓட்டத் தெரிந்தவர் ஒரு ஆய்வு மாணவர். முனைவர் பட்டம் வாங்கியதும் போய்விடுவார். பிறகு வெளியாள் கை வைத்துக் கெடுத்துவிடுவாரோ என்ற பயம் நியாயமான பயம்தான். இந்தப் பயத்துக்கு மருந்து பூட்டு இல்லை, நிரந்தர இயக்குநர். ஆண்டுக்கு 6 லட்சம் சம்பளம் என்று வைத்தாலும் 2,000 மணியில் வகுத்தால் மணிக்கு 300 ரூபாய்தான் கூடும்.

தென்மாவட்ட ஆய்வேடுகளின் நன்றிப் பக்கங்களைப் புரட்டினால் இன்னொரு பழக்கம் தெரியும். சென்னை ஐ.ஐ.டி.யின் பொதுக் கருவிக் கூடத்துக்கு நன்றி, கொச்சியின் கூடத்துக்கு நன்றி. மாதிரியைச் சின்னக் குப்பியில் அடைத்துக் கூரியரில் அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பார்கள். அண்டை வளாகத்துக்கு நன்றி சொல்லும் பக்கம் அரிது. தூரத்து நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு வேலையை முடித்துக் கொடுக்கும். பக்கத்து நிறுவனம் முதலில் உங்கள் வழிகாட்டி யார் என்று கேட்கும்.

இதழ்களின் கணக்கு வேறு மாதிரி. 2024 நவம்பர் 25-இல் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி. 30 பதிப்பகம், ஏறத்தாழ 13,000 இதழ், 6,300-க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள், 1.8 கோடிக்கு அருகே மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள். நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 31.7 லட்சம், ஆளுக்கு ஆண்டுக்கு 1,111 ரூபாய் விழுகிறது. மொத்தமாகப் பேரம் பேசினால் விலை என்னவாகும் என்பதற்கு நல்ல சான்று. ஆனால் வாசல் அரசு நிறுவனங்களுக்கு மட்டும். ஆகவே மதுரையிலும் காரைக்குடியிலும் அபிஷேகப்பட்டியிலும் திறக்கும் அதே இதழுக்குக் கிருஷ்ணன்கோவில் தன் கைக்காசைப் போட வேண்டும். நான்கும் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம், நான்குக்கும் ஒரே தரவரிசைப் பட்டியல். கிருஷ்ணன்கோவிலிலிருந்து மதுரை வளாகம் ஏறத்தாழ 65 கி.மீ. 2018-இல் நிர்ணயித்த புறநகர்ச் சாதாரணப் பேருந்துக் கட்டணம் கிலோமீட்டருக்கு 58 பைசா. கணக்குப்படி 38 ரூபாய். சர்வதேசப் பதிப்பகம் ஒரே கட்டுரைக்குக் கேட்கும் விலையை இதன் பக்கத்தில் எழுதி வைத்தால் சிரிப்பு வரும். நூலகத்தில் உட்கார்ந்து படிக்க ஒரு விருந்தினர் அட்டை கொடுத்தால் தீரும் விஷயம்.

கலசலிங்கத்துக்கும் தன் பங்குக்குக் கொடுக்க இருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் உதவியோடு அங்கே அமைந்த தனிநிலைக் கணிதத்துக்கான தேசிய மையம், கோட்டுருவியல் ஆட்களிடையே நாடு முழுக்கப் பெயர் பெற்றது. கணிதத்துக்குக் கரும்பலகையும் நல்ல நூலகமும் போதும். அதனாலோ என்னவோ, இந்தப் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்கள் எந்த ஒப்பந்தமும் இல்லாமலே போய்வந்த துறை கணிதம். பூட்டி வைக்கக் கருவி இல்லாத இடத்தில் பூட்டும் இருப்பதில்லை.

பகிர்தலின் பழைய கணக்கு ஒன்று காரைக்குடியில் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் எழுதிக்கொடுத்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல், பொங்கலன்று, ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். ஊர்க்காரர்கள் 'சிக்ரி' என்பார்கள். செட்டியார் தொடங்கிய கல்லூரிகளின் வரிசையிலிருந்து 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது. ஒருவரின் கொடையில் விளைந்த இரண்டு நிறுவனங்கள், நடந்து போகும் தூரம். இன்று சிக்ரி வளாகத்தில் வேதி, மின்வேதிப் பொறியியல் படித்து வெளியே வரும் மாணவருக்குப் பட்டம் தருவது 400 கி.மீ. தள்ளி உள்ள அண்ணா பல்கலைக்கழகம். அதற்கு நிர்வாகக் காரணம் இருக்கிறது. நிலம் கொடுத்தவருக்கு அது புரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

பட்டாசுக்கு வராமல் இந்த மாவட்டத்துக் கணக்கு முடியாது.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பட்டாசு ஆலைகள். 2019-இல் மத்திய அரசு சொன்ன கணக்குப்படி இந்தத் தொழிலின் ஆண்டு வருமானம் 1,800 கோடிக்கு மேல். தொழில் நடத்துவோர் இதைவிடப் பெரிய எண்ணைச் சொல்வார்கள். 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்து, பசுமைப் பட்டாசு மட்டும் போதும் என்றது. பேரியம் நைட்ரேட் போனால் பச்சை நிறமும் போகும், மத்தாப்பு, புஸ்வாணம் பலவற்றின் கலவையே மாற வேண்டும். இது சுத்தமான வேதியியல் கேள்வி. பதில் எங்கிருந்து வந்தது? நாக்பூரில் உள்ள 'நீரி' ஆய்வகத்திலிருந்து. காரைக்குடி சிக்ரியும் அந்தக் குழுவில் இருந்தது. உரிமம் தரும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான 'பெசோ'வின் தலைமையகமும் நாக்பூர்தான். சிவகாசியின் சோற்றுக்கு உத்தரவும் செய்முறையும் இரண்டும் வெகுதூரம் வடக்கே ஒரே ஊரிலிருந்து வருகின்றன. 2019 அக்டோபருக்குள் ஆலைகளோடு 230 புரிந்துணர்வு ஒப்பந்தம், 165 இரகசியக் காப்பு ஒப்பந்தம், 530 புகைச் சோதனைச் சான்றிதழ் என்று நீரி கணக்குக் காட்டியது. மூலப்பொருளைச் சோதிக்கச் சிவகாசியிலேயே ஒரு கூடமும் திறந்தது. பெசோவின் பட்டாசு ஆராய்ச்சி மையம் ஆனைக்குட்டத்தில் இருக்கிறது. இரண்டும் மத்திய அரசின் கூடங்கள்.

உள்ளூரில் ஆராய்ச்சியே நடக்கவில்லை என்று சொன்னால் பொய். சிவகாசி மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் பெயரிலேயே பட்டாசு இருக்கிறது: மெப்கோ என்பது திருமங்கலத்தில் அலுமினியப் பொடி செய்யும் மெட்டல் பவுடர் கம்பெனி, ஷ்லெங்க் அதன் ஜெர்மன் கூட்டாளி. பட்டாசு, தீப்பெட்டி, அச்சகத் தொழிலதிபர்கள் 1984-இல் தொடங்கிய கல்லூரி. அங்குள்ள ஆசிரியர்கள் திருச்சி என்.ஐ.டி.யோடும் சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தோடும் சேர்ந்து, வெடிக்கலவை எந்த வெப்பத்தில் தானாகப் பற்றும், எந்த உரசலில் கிளம்பும் என்று 2000-களில் அளந்து வெளிநாட்டு இதழ்களில் எழுதினார்கள். நல்ல வேலை, தேவையான வேலை. ஆனால் கூட்டாளிகளைப் பாருங்கள்: ஒருவர் திருச்சி, ஒருவர் சென்னை. வெப்ப அளவிக் கருவி இருந்த இடம் அடையாறு, சிவகாசியிலிருந்து 500 கி.மீ.க்கு மேல்.

மற்ற மாதிரிகளைப் போல வெடிமருந்துக் கலவையைக் குப்பியில் அடைத்துக் கூரியரில் அனுப்ப முடியாது. பஸ்ஸிலும் ரயிலிலும் கையில் கொண்டுபோகச் சட்டம் விடாது, விடக்கூடாது. மூலப்பொருளைத் தனித்தனியே கொண்டுபோய் அங்கே சில கிராம் கலந்து அளக்கலாம். ஆனால் ஐப்பசி ஈரத்தில் மூன்று நாள் கிடந்து, மறுநாள் வெயில் ஏறியதும் ஆலை அறைக்குள் அந்தக் கலவை என்ன ஆகிறது என்பதை அடையாறில் அளக்க முடியாது. கருவி வந்தாக வேண்டிய இடம் இதுதான். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி வெடிவிபத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 40 பேர். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். இரண்டு பெரிய தேதிகளை மட்டும் சொல்கிறேன், இடையிலும் பின்னும் உள்ளவற்றை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் எண்ணிக் காட்ட வேண்டியதில்லை. இத்தனைக்கும் நான்கு பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் பட்டாசு வேதியியல் கூடம் ஒன்று இந்தக் கரிசலில் இல்லை.

வெளியே எப்படி? அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பல்கலைக்கழகமும் வட கரோலினா பல்கலைக்கழகமும் பத்து மைல் தூரத்தில் இருக்கின்றன. கூடைப்பந்தில் ஒன்றையொன்று பார்த்தால் ஆகாது. ஆனால் பொருளாதார மந்தத்தில் கை சுருங்கிய 1933-இல் இரண்டின் தலைவர்களும் உட்கார்ந்து, எந்தப் புத்தகத்தை யார் வாங்குவது என்று பிரித்துக்கொண்டார்கள். எவர் மாணவரும் எந்த நூலகத்திலும் படிக்கலாம். 1965-இல் பக்கத்து மூன்றாவது பல்கலைக்கழகத்தையும் சேர்த்து ஒரே அணுக்கரு ஆய்வகம் கட்டினார்கள். இடம் டியூக்கில், பெயர் மூவருக்கும் பொது. இங்கேயும் இல்லாமல் இல்லை. 1984-இல் பல்கலைக்கழக மானியக் குழு டெல்லியில் தொடங்கிய அணு அறிவியல் மையத்தின் துகள் முடுக்கி, எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் சொந்தமில்லாமல் எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் உழைக்கிறது. அண்மையில் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, ஒரு பெரிய நிறுவனம் மையமாகவும் ஏழு வரை கிளைகளாகவும் சேர்ந்தால் 100 கோடி வரை தருகிறோம் என்றது. அதில் எனக்கு ஒரு நெருடல். அடுத்தடுத்த கிளைகள் தங்களுக்குள் பேசுவதைவிடத் தூரத்து ஐ.ஐ.டி.யோடு பேசவே அது பழக்கும்.

போட்டியாளர்கள் பொதுப் பெட்டி வைத்துக்கொள்வது இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. விருதுநகர் வியாபாரிகள் எண்ணெய்க்கும் பருப்புக்கும் மிளகாய்க்கும் ஒருவரை ஒருவர் விலையில் வெட்டிக்கொண்டார்கள், சாயங்காலம் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை கட்டினார்கள். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் நடந்தது. வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து நடத்திய ஷத்திரிய வித்யாசாலையில் படித்தவர் காமராசர். மகமையில் கடையின் பெயர் எழுதுவதில்லை. யார் கட்டவில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அதே கணக்கில் ஒரு வரவு எழுதிப் பார்க்கலாம். 1,800 கோடியில் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ரூபாய் மகமை: ஆண்டுக்கு 1 கோடியே 80 லட்சம், ஐந்து ஆண்டுக்கு 9 கோடி. பற்று: முன்னே சொன்ன விலையில் இரண்டு கருவி, 4 கோடியே 72 லட்சம். அவற்றின் பராமரிப்பு ஐந்து ஆண்டுக்கு 1 கோடி. இரண்டு நிரந்தர இயக்குநர், 60 லட்சம். ஐந்து ஆய்வாளர், 1 கோடியே 20 லட்சம். ஒருவருக்குக் கிருஷ்ணன்கோவிலிலும் மதுரையிலுமாக இரண்டு வழிகாட்டி வைத்தாலும் விதி தடுக்காது. மொத்தம் 7 கோடியே 52 லட்சம். மீதி 1 கோடியே 48 லட்சத்தில் தடித்த சுவரும் தனித்தனி அறையுமாக ஒரு கட்டடம். நிலம் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் எங்காவது, நான்கு வளாகத்துக்கும் வெளியே. பெயர்ப்பலகையில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் வராது என்பதைக் கருவிக்கு விலைப்புள்ளி கேட்பதற்கு முன்பே, முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.